ஆர்லிஸின் ஆறாவது தோட்டா

என் மனைவி லவோனின் அக்கா ஆர்லிஸ் துப்பாக்கித் தோட்டா அடிக்க உட்கார்ந்தால் அவள் வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. ரேடியோ கிடையாது. செல்போன் சமையலறை டிராயருக்குள் போய்விடும். நாய் வெளியே. நான் ஒருமுறை காரேஜுக்குள் எட்டிப் பார்த்து, "காபி போடட்டுமா" என்று கேட்டதற்கு, அவள் பதில் சொல்லவில்லை. மெஷின் கைப்பிடியை நிறுத்தினாள், தட்டில் இருந்த ஐந்து தோட்டாக் கூடுகளையும் எடுத்தாள், வெடிமருந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள், அதற்கப்புறம் திரும்பி, "இப்ப சொல்லு, என்ன காபி?" என்றாள். அன்றைக்குப் பிறகு நான் அந்தக் கதவுப் பக்கமே போவதில்லை.

சுட்டுத் தள்ளிய பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக் கழுவி, அடியில் பொறி தட்டுகிற புது கேப் வைத்து, மருந்து போட்டு, குண்டைப் பதித்து எடுப்பது எங்கள் நெப்ராஸ்காவில் பாதிக் காரேஜ்களில் நடக்கிற வேலைதான். ஆர்லிஸிடம் இருப்பது கழுவியதற்குப் பிறகுள்ள வேலை எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் செய்யும் மெஷின். கைப்பிடியை ஒருமுறை கீழே இழுத்து மேலே விட்டால் வட்டத் தட்டு நகர்ந்து ஒரு முழுத் தோட்டா தொட்டியில் விழும். மணிக்கு ஐந்நூறு அடித்துவிட்டேன், அறுநூறு அடித்துவிட்டேன் என்று பீற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. ஆர்லிஸ் மணிக்கு இருநூறைத் தாண்ட மாட்டாள்.

ஏனென்றால் அந்த மெஷின் மருந்தை எடை போடுவதில்லை. ஒரு சின்னக் குழியை நிரப்பிக் கூட்டுக்குள் கவிழ்க்கிறது, அவ்வளவுதான். குழி மாறாது, குழிக்குள் விழுகிற மருந்து மாறும். இழுக்கிற கை பாதியில் தயங்கினால் மாறும். மேல் டப்பாவில் மருந்து பாதிக்குக் கீழே இறங்கினால் மாறும். மேஜை அதிர்ந்தாலும் மாறும். மேஜைக்குப் பக்கத்தில் மான் கறி வைக்கிற பெரிய ஃப்ரீசர் இருக்கிறது. அது ஓடும்போதெல்லாம் தரை லேசாக நடுங்கி டப்பாவில் மருந்து இறுகுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். அதனால் உட்காருவதற்கு முன்னால் ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். திரும்ப மாட்ட மறந்துவிடக் கூடாதென்று தான் ஓட்டுகிற ஸ்கூல் பஸ்ஸின் சாவியை அந்தப் பிளக்கின் மேலேயே வைப்பாள். காலையில் சாவி இல்லாமல் பஸ் எடுக்க முடியாதே.

முதல் பத்து இழுப்பில் விழும் மருந்தைத் திருப்பிக் கொட்டுவாள். பிறகு இருபதுக்கு ஒன்று தராசில் ஏறும். அவள் போடும் மருந்து ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்குகூட ஆடாது. ஒரு கிராமுக்குப் பதினைந்து கிரெய்ன் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை நடுவில் மின்சாரம் போய்விட்டது. எங்கே நிறுத்தினோம் என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்று அடித்த தொண்ணூறு தோட்டாவையும் சுத்தியல் மாதிரி இருக்கிற உருவியில் போட்டுத் தட்டித் தட்டி, குண்டு தனி, மருந்து தனி, கூடு தனியாகப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் தூங்கினாள். மருந்து அளவு மீறினால் துப்பாக்கி கையிலேயே வெடித்துவிடும். "ஒண்ணு சந்தேகம்னா மொத்தமும் சந்தேகம்" என்பாள். இதில் அவளிடம் பேச்சே கிடையாது. பிடித்தால் பிடித்த பிடிதான்.

இந்த ஜூன் மாதம் டாக்டர் அவளுடைய வலது மணிக்கட்டைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் தேய்ந்து உரசுகிறது, நவம்பர் ஆறாம் தேதி தகடு வைத்து ஒன்றாக இணைத்துவிடலாம் என்றார். வலி போய்விடும். மணிக்கட்டு மடங்காது. கைத்துப்பாக்கி பிடிப்பது அதோடு சரி. அவளுக்கு அறுபத்தொரு வயது. பத்தொன்பது வருஷமாக ஒரு வருஷம்கூட விடாமல் சுட்டுவந்த மாநிலத் துப்பாக்கிப் போட்டி அக்டோபரில் வரும். அதுதான் கடைசி. கடைசிப் போட்டியில் ஒன்பது ரவுண்டும் சுட்டு வாங்கிய ஒரு மதிப்பெண், அச்சில் அவள் பெயருக்கு நேரே. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

போட்டியில் ஒரு விதி இருக்கிறது. மருந்தைக் குறைத்துப் போட்டால் துப்பாக்கி உதைக்காது, உதைக்காவிட்டால் சீக்கிரம் சீக்கிரம் சுடலாம். அப்படி யாரும் குறுக்குவழி எடுக்கக் கூடாதென்று ஒரு கீழ்க்கோடு போட்டிருக்கிறார்கள். குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு எத்தனை அடி என்றும் எடுத்து, பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் நூற்று இருபத்தைந்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சுடலாம், ஆனால் மதிப்பெண் சைபர். எல்லோரும் நூற்று முப்பது வருகிற மாதிரி மருந்து போட்டுக்கொண்டு நிம்மதியாக வருவார்கள். ஆர்லிஸின் மணிக்கட்டு நூற்று முப்பதைத் தாங்காது. கோடை முழுக்க மருந்தைத் துளித்துளியாகக் குறைத்துக் குறைத்து, கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே கொண்டுவந்து நிறுத்தினாள்.

நான் கத்தினேன். "உன் வேகமானி ஒண்ணு காட்டும், போட்டியில இருக்கறது வேற காட்டும். நாலஞ்சு அடி வித்தியாசம் வந்தா என்ன பண்ணுவே? கொஞ்சம் இடம் விட்டு அடி, ஆர்லிஸ்."

"இடம் யாருக்கு வேணும்? மருந்து முன்னப்பின்ன விழறவனுக்கு வேணும். எனக்கு எதுக்கு?"

"திமிரு."

"ஆமா, திமிருதான். நீ போய் உன் தராசைத் துடை."

தராசு என்று அவள் குத்திக்காட்டுவதற்குக் காரணம் உண்டு. ஊர் தானியக் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் லாரித் தராசில் இருந்தவன் நான். சோளம் ஏற்றிய லாரி மேலே ஏறும், எடையைப் படிப்பேன், எழுதுவேன். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், சர்ச் பாதிரியார் என்று யாருக்காகவும் ஒரு பவுண்டுகூட ஏற்றி எழுதியதில்லை. அதனால்தான் ஓய்வு பெற்றதும் போட்டி நடத்துகிறவர்கள் வந்து, வேகம் பார்க்கிற மேஜையில் உட்காரு வெண்டல் என்றார்கள். ஏழு வருஷமாக அந்த மேஜை என்னுடையது. சுடுபவர்களின் பையிலிருந்து எட்டுத் தோட்டா எடுப்பேன். ஒன்றை உருவிக் குண்டை எடை போடுவேன். மூன்றை அவர்கள் துப்பாக்கியாலேயே வேகமானிக்கு மேலாகச் சுடுவேன். கோட்டைத் தாண்டாவிட்டால் இன்னும் மூன்று. ஆறில் சிறந்த மூன்றைக் கணக்கில் எடுக்கலாம்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி சுட வேண்டும். இது முக்கியம். தோட்டாக் கூட்டுக்குள் மருந்து பாதிக்கும் கீழேதான் இருக்கும். துப்பாக்கி வாய் கீழே சாய்ந்திருந்தால் மருந்து குண்டின் பக்கம் சரியும், வேகம் குறையும். வாயை மேலே தூக்கிவிட்டுப் பிறகு நேராக்கினால் மருந்து கேப்பின் மேல் உட்காரும், வேகம் கூடும். பத்து அடி கூடலாம், இருபதும் கூடலாம். அதனால் எங்கள் மேஜையில் வழக்கம், வாயை மேஜை விரிப்பின்மேல் தாழ்த்தி, மெதுவாக நேருக்குக் கொண்டுவந்து சுடுவது. ராஜாவாக இருந்தாலும் அப்படித்தான்.

போட்டி நாள் காலையில் புல்லெல்லாம் உறைபனி. எட்டரை மணிக்கு ஆர்லிஸின் குழு என் மேஜைக்கு வந்தது. பதினோரு பேர். அவள் பஸ் ஓட்டுகிற பச்சை ஜாக்கெட்டில் வந்து, ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சே என்கிற இனிப்பு ரொட்டி ஒன்றை என் முன்னால் வைத்தாள். வருஷாவருஷம் கொண்டுவருவாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற டுவேன் என்கிற வெல்டர், "லஞ்சம் குடுக்கறாங்கப்பா, எல்லாரும் பாத்துக்குங்க" என்றான்.

"உனக்கு வேணும்னா கேளு. வயித்தெரிச்சல் படாதே."

எட்டுத் தோட்டா எடுத்தேன். ஒன்றை உருவினேன். குண்டு நூற்று நாற்பத்தேழு கிரெய்ன், சுத்தமாக. அப்படியானால் எண்ணூற்று ஐம்பத்தொரு அடி வேகம் வேண்டும். அவள் வீட்டில் பார்த்தபோது எண்ணூற்று ஐம்பத்து மூன்று என்று சொல்லியிருந்தாள்.

முதல் தோட்டா. எண்ணூற்று நாற்பத்தாறு.

நான் நிமிரவில்லை. இரண்டாவது எண்ணூற்று நாற்பத்தெட்டு. மூன்றாவது எண்ணூற்று நாற்பத்தேழு. கணக்குப் போட்டால் நூற்று இருபத்து நாலரை. இதைத்தான் சொன்னேன், இதைத்தானே தொண்டை கிழியச் சொன்னேன் என்று அவளைப் பிடித்து உலுக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

"அடுத்த மூணு" என்றாள் ஆர்லிஸ். குரலில் ஒன்றும் தெரியவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாலாவது எண்ணூற்று நாற்பத்தெட்டு. ஐந்தாவது எண்ணூற்று நாற்பத்தொன்பது.

ஏழு வருஷத்தில் அந்த மேஜையில் இப்படி ஒரு வரிசையை நான் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு முப்பது அடி, நாற்பது அடி என்று ஏறி இறங்கும். இவளுக்கு ஐந்து தோட்டாவில் வித்தியாசம் வெறும் மூன்று அடி. அதுதான் கொடுமை. மட்டமாக அடிக்கிறவனுக்கு ஆறில் ஒன்று அதிர்ஷ்டத்தில் எகிறி அவனைக் காப்பாற்றிவிடும். இவள் கை சுத்தம். இவள் பெட்டியில் எகிறுகிற தோட்டாவே கிடையாது. சுத்தமாக அடித்த பாவத்துக்குத் தோற்கப் போகிறாள்.

ஆறாவதைப் போட்டேன். வாயைத் தாழ்த்த வேண்டும். நான் தாழ்த்தவில்லை. முழங்கையை மடக்குகிற சாக்கில் வாயை மேலே தூக்கி, ஒரு நொடி வைத்து, இறக்கி, நேராக்கிச் சுட்டேன். கை தானாகச் செய்தது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தெரிந்தேதான் செய்தேன். எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று எண் காட்டும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எண்ணூற்று அறுபத்தெட்டு.

சிறந்த மூன்றைச் சேர்த்தால் நூற்று இருபத்தைந்தரைக்கு மேல். டுவேன் அவள் தோளில் தட்டினான். "பொழச்சிட்டீங்க. எனக்கே மூச்சு நின்னுபோச்சு." நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் தாளில் எண்ணை எழுதினேன்.

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. திரையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெண்டல், அது எத்தனாவது?"

"ஆறாவது."

"எப்பவும்போலத்தான் சுட்டியா?"

"எப்பவும்போலத்தான்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? "ஒண்ணுல மருந்து கொஞ்சம் கூட விழுந்திருக்கும். எல்லாருக்கும் நடக்கறதுதானே."

அவள் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். துப்பாக்கியைப் பையில் போட்டாள், தோட்டாப் பெட்டியை எடுத்தாள், வரிசையை விட்டு விலகித் தன் பிக்கப் வண்டியைப் பார்த்து நடந்தாள்.

"ஏங்க, முதல் ரவுண்டு அந்தப் பக்கம்" என்றான் டுவேன்.

"நான் சுடல."

"என்னது? பாஸ் பண்ணிட்டீங்கல்ல?"

"அஞ்சு ஒழுங்காப் போயி ஒண்ணு இருபது அடி எகிறுதுன்னா மெஷின்ல எங்கியோ தப்பு. எங்கேன்னு எனக்குத் தெரியாது. எத்தனை தோட்டாவுலன்னும் தெரியாது. மீதி முந்நூறும் அதே நாள் அடிச்சது. அதை நான் கையில எடுக்க மாட்டேன்."

"என் தோட்டா எடுத்துக்குங்க."

"அடுத்தவன் அடிச்ச தோட்டாவை என்னிக்கு நான் தொட்டிருக்கேன்?" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவள் எதை நம்பி அங்கே நின்றாளோ அதையே உடைத்துவிட்டேன். சைபர் வாங்கியிருந்தால்கூட ஒன்பது ரவுண்டும் சுட்டிருப்பாள். இப்போது ஒன்றும் கிடையாது.

வரிசையில் அடுத்த ஆள் துப்பாக்கியை நீட்டினார். வாங்கிச் சுட்டேன். எண்ணைத் தப்பாக எழுதி அடித்துத் திருத்தினேன். அதற்கடுத்தவருக்கும் சுட்டேன். அந்தப் பக்கம் முதல் ரவுண்டுக்குப் பெயர்களைப் படிக்கிற சத்தம் கேட்டது. பதினோரு பேரில் ஆர்லிஸ் ஒன்பதாவது. ஒரு ஆளுக்கு இரண்டரை நிமிஷம் என்று வைத்தாலும் இருபது நிமிஷம். கூப்பிட்டு வராவிட்டால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். பிறகு திருத்தவே முடியாது.

உண்மையைச் சொன்னால் ஆறாவது செல்லாது, அவள் தோற்பாள், என் மேஜை போகும், முப்பத்தோரு வருஷப் பெயரும் போகும். லவோன் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் அவள் வீட்டுக்குப் போய் முந்நூறையும் உருவுவாள். ஒவ்வொன்றாக எடை போடுவாள். எல்லாம் சரியாக இருக்கும். சரியாக இருக்க இருக்க அவளுக்குப் பயம் கூடும். தப்பு எங்கே என்று சாகிறவரை தேடுவாள்.

மூன்றாவது ஆளின் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தேன். "ஒரு நிமிஷம் இருங்க" என்று எழுந்து போனேன்.

வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பெட்டி திறந்திருந்தது. ஒரு தோட்டாவைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டிப் பார்த்தெல்லாம் ஒன்றும் தெரியாது என்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கினேன்" என்றாள் என்னைப் பார்க்காமல். "நிச்சயமாப் பிடுங்கினேன். டப்பா பாதிக்குக் கீழ போகவே இல்ல. ஒரு எடத்துல கேப் சிக்கிச்சு. தட்டைச் சுத்தமாக் காலி பண்ணிட்டுத்தான் மறுபடி ஆரம்பிச்சேன். பண்ணினேனா இல்லியான்னு இப்ப ஞாபகம் வர மாட்டேங்குது. வலிக்கு மாத்திரை போட்டிருந்தேன். அதனாலயா?"

"ஆர்லிஸ், உன் தோட்டாவுல ஒண்ணுமில்ல. நான்தான் வாயைத் தூக்கிச் சுட்டேன்."

அவள் ஆட்டுவதை நிறுத்தினாள்.

"எதுக்கு?"

"நீ பாஸ் பண்ணணும்னு."

தோட்டாவைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அங்கே கேட்டப்ப எப்பவும்போலன்னு சொன்னே. இப்ப தூக்கினேங்கறே. நான் இங்க இடிஞ்சுபோயி உக்காந்திருக்கறதைப் பாத்து, சமாதானத்துக்கு இதைச் சொல்றியோ என்னவோ. எதை நம்பறது வெண்டல்?"

"சத்தியமா."

"உன் சத்தியத்தை வெச்சு நான் என்ன பண்ணட்டும்?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தராசில் இருந்த காலத்தில் என் வாய் வார்த்தைக்கு ஊரே லாரியை எடுத்துக்கொண்டு போகும். ஒரு காலையில் அதைத் தொலைத்துவிட்டு நின்றேன்.

"எட்டு எடுத்தே. ஒண்ணை உருவினே. ஆறு சுட்டாச்சு. மிச்சம் ஒண்ணு எங்க?" என்றாள்.

"என் மேஜையில, உறையில இருக்கு."

அவள் இறங்கினாள்.

போட்டித் தலைவர் கர்ட் முதல் ரவுண்டு அருகே நின்றிருந்தார். என் பள்ளிக்கூடத்தில் படித்தவர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். எல்லோர் முன்னாலும் வைத்துச் சொன்னேன். என்ன செய்தேன், எப்படிச் செய்தேன், கேட்டபோது எப்படிப் பொய் சொன்னேன் என்று வரிசையாகச் சொல்லிவிட்டேன். டுவேன் தரையைப் பார்த்தான். கர்ட் கையை நீட்டினார். சட்டையில் குத்தியிருந்த அதிகாரி அட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன்.

"உனக்கு என்னடா ஆச்சு?" என்றார் மெதுவாக. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆர்லிஸ் பக்கம் திரும்பினார். "ஆறாவது செல்லாது. உங்களுக்கு ஒரு தோட்டா பாக்கி இருக்கு. ரெண்டு வழி இருக்கு. அதை உருவிக் குண்டை எடை போடலாம். முதல் குண்டைவிடக் கனமா இருந்தா அந்த எடையை வெச்சே கணக்குப் போடலாம். இல்ல, அதைச் சுட்டு வேகத்தைப் பாக்கலாம். எதுன்னு நீங்க சொல்லுங்க."

எல்லோருக்கும் கணக்கு தெரியும். குண்டு கம்பெனி வார்த்தது, அரைக் கிரெய்ன் கூடக் குறைய இருக்கும். நூற்று நாற்பத்தேழு புள்ளி நாலு இருந்தால் போதும், அவள் கோட்டைத் தாண்டிவிடுவாள். சுட்டால், ஆறாவதைப் பற்றி நான் சொன்னது உண்மையானால், மறுபடியும் அதே எண்ணூற்று நாற்பத்தெட்டுதான் வரும், தோற்பாள். எண்ணூற்று ஐம்பத்தைந்து வந்தால் பிழைப்பாள், ஆனால் அப்போது அவள் பெட்டி கெட்ட பெட்டி.

"உருவச் சொல்லுங்க" என்றான் டுவேன். "அதுலதான் சான்ஸ் இருக்கு."

"உருவு, ஆர்லிஸ்" என்றேன் நானும். எனக்குப் பேச உரிமை இல்லை, ஆனாலும் சொன்னேன். "கெஞ்சிக் கேக்கறேன், உருவு."

அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. "உருவினா குண்டு எவ்வளவுன்னு தெரியும். நான் போட்ட மருந்து என்ன பண்ணுதுன்னு தெரியாது. சுடுங்க கர்ட்."

"யோசிச்சிட்டீங்களா? திருப்பி மாத்த முடியாது."

"எல்லாருக்கும் எப்படியோ அப்படி. வாயைத் தாழ்த்திச் சுடுங்க."

மேஜைக்குப் போனோம். கர்ட் உறையைக் கிழித்துத் தோட்டாவை எடுத்து, எல்லோருக்கும் காட்டிவிட்டுத் துப்பாக்கியில் போட்டார். அவள் ஜாக்கெட் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றாள். அவள் எது வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டாளோ எனக்குத் தெரியாது. நான் எதை வேண்டுவது என்று தெரியாமல் வெறுமனே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கர்ட் வாயை விரிப்பில் தாழ்த்தினார். அங்குலம் அங்குலமாக நேருக்குக் கொண்டுவந்தார்.

சுட்டார்.

திரையில் எண் வர அரை நொடி ஆகும். கர்ட் குனிந்து படித்தார். "எண்ணூத்தி நாப்பத்தெட்டு."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் ஆர்லிஸ்.

"எண்ணூத்தி நாப்பத்தெட்டு. நூத்தி இருபத்தி நாலு புள்ளி ஏழு. மன்னிக்கணும் ஆர்லிஸ். கோட்டுக்குக் கீழ. சைபர்தான் போடணும்."

அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. உதடு துடித்தது, ஆனால் அது அழுகை மட்டும் இல்லை. பத்தொன்பது வருஷத்துக் கடைசி மதிப்பெண் சைபர் என்று கேட்டுக்கொண்டு நிற்கிற ஆளின் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. தோள் இரண்டும் இறங்கி, மூச்சு விட்டாள்.

"போடுங்க. அப்ப என் பெட்டி நல்ல பெட்டிதான்" என்றாள்.

தாளில் கையெழுத்து போட்டாள். இடது கையால் போட்டதால் கோணலாக விழுந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு முதல் ரவுண்டைப் பார்த்து நடந்தாள். ஏழாவது ஆள் சுட்டுக்கொண்டிருந்தார். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அட்டை இல்லாதவன் அதைத் தாண்டக் கூடாது.

"ஆர்லிஸ்" என்றேன். "லவோன்கிட்ட நானே சொல்லிடறேன். உன் சைபருக்கு நான்தான்..."

"சைபர் என்னோடது" என்று வெட்டினாள். தோட்டாக்களை ஒவ்வொன்றாக மேகசினுக்குள் தள்ளிக்கொண்டே பேசினாள். வலித்தது, ஒவ்வொன்றுக்கும் உதட்டைக் கடித்தாள். "நீ சொன்னதைக் கேக்காம ஓரத்துல போய் நின்னது நான். அதுல உன்மேல கோவமில்ல. வண்டியில உக்காந்திருந்த அந்தப் பத்து நிமிஷம் இருக்கு பாரு, என் கையையே நான் சந்தேகப்பட்டேனே. நீ தெரிஞ்சும் விட்டே. அதை எப்படி மன்னிக்கறதுன்னு எனக்குத் தெரியல வெண்டல்."

எட்டாவது ஆளும் முடித்துவிட்டார். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு சுடுகிற இடத்துக்குப் போனாள்.